டிக்கெட் வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

வெள்ளவத்தையில் பயண முகவராக இருக்கிறேன். வெளிநாடு போக விரும்பி வருகிறவர்கள் கதிரையில் அமர்ந்ததும் கேட்பது, "டிக்கெட் எவ்வளவு வரும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு: பயணம் நடக்காமலே போனால், உங்களிடம் திரும்பி வராத பணம் எவ்வளவு?

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் கணக்கைச் சொல்கிறேன். அப்பா, அம்மா, ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன். பாரிஸில் சித்தியின் மகளுக்குக் கலியாணம். பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ; 6 முதல் 11 வயது வரை 45 யூரோ; ஆறு வயதுக்குள் கட்டணம் இல்லை. ஆக நால்வருக்கும் 225 யூரோ. விசா மறுக்கப்பட்டால் அதில் ஒரு சதமும் திரும்பாது. அதன்மேல் விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம், சான்றிதழ்களின் மொழிபெயர்ப்பு, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி.

இவற்றையெல்லாம் அவர்கள் தாங்கிக்கொண்டிருப்பார்கள். ஆனால், மலிவாகக் கிடைக்கிறதே என்று, பணம் திரும்பாத டிக்கெட்டுகளை விசா வருவதற்கு முன்பே வாங்கிவிட்டார்கள். விசா கைக்கு வந்தபோது கலியாணம் முடிந்திருந்தது. விண்ணப்பத்துக்கு முன்பதிவுச் சான்று போதும். முழுப் பணமும் கட்டிய டிக்கெட் தேவையில்லை என்பதை யாராவது அவர்களுக்கு நேரத்தோடு சொல்லியிருக்கலாம் என்று இன்றும் மனம் வருந்துகிறது.

அடுத்தது நாணயம். எந்த நாட்டில் செலவழிக்கிறீர்களோ, அந்த நாட்டுப் பணத்தில் கணக்கை எழுதுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. அந்த நாட்களில் ரூபாயில் மட்டும் திட்டமிட்டிருந்தவர்கள் பயணத்தையே கைவிட்டார்கள். ரொக்கத்தை வங்கியிலோ மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணய மாற்றுநரிடமோ வாங்கிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

கடனட்டையில் ஒரு பொறி இருக்கிறது. வெளிநாட்டுக் கடையில் அட்டையைக் கொடுத்ததும் இயந்திரத்தின் திரையில் இரண்டு தொகைகள் தோன்றலாம்: ஒன்று யூரோவில், மற்றது இலங்கை ரூபாயில். நமக்குப் பழகிய ரூபாயைப் பார்த்ததும் விரல் அங்கேதான் போகும். அந்த ரூபாய்த் தொகையில் மாற்று விகிதத்தின் மேலதிகச் சுமை ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும். யூரோவையே தெரிவு செய்யுங்கள். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு உங்கள் வங்கி என்னென்ன கட்டணம் அறவிடுகிறது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே கேட்டு, அதையும் கணக்கில் எழுதிவையுங்கள்.

"சொந்தக்காரர் வீட்டில்தானே தங்கப்போகிறோம், என்ன செலவு?" இதுதான் நம்மவர்களின் திட்டத்தில் விழும் மிகப் பெரிய ஓட்டை. அறை வாடகை மட்டும்தான் மிச்சம். கலியாணத்துக்கு வைக்கும் அன்பளிப்பு, ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளின் கையில் வைக்கும் பணம், மெட்ரோ டிக்கெட், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் நாம் வாங்கிக் கொடுக்க வேண்டிய மரக்கறி என எல்லாம் யூரோவில்தான். மிளகாய்த்தூளும் பலகாரமும் நிரப்பிய பெட்டியை வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் மேலதிக எடைக்குக் கட்டும் பணம் அந்தத் தூளின் விலையைத் தாண்டிவிடும்.

ஹோட்டலில் தங்குவோருக்கும் ஒரு சொல். மலேசியாவில் வெளிநாட்டவர் அறை ஒன்றுக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். இணையத்தில் பார்த்த விலையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

கனடாவிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரின் காப்புறுதியில் மட்டும் தயவுசெய்து சிக்கனம் பிடிக்காதீர்கள். அங்கே பொது மருத்துவக் காப்பீடு வருகையாளர்களுக்குக் கிடையாது. ஓர் இரவு மருத்துவமனையில் தங்கினாலே குடும்பம் கடனாளியாகிவிடும். நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் உள்ளவர்கள் அதை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு ஒப்பந்தத்தில் என்ன விலக்கு, அண்மையில் மருந்தின் அளவு மாறியிருந்தால் என்னவாகும், முதலில் நாம் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பணத்தைக் கட்டுங்கள்.