'படைப்புக் கட்டுக்கதை' அன்று, தோற்றத் தொன்மம்

உலகச் சமயங்களைப் பற்றிக் கொழும்பில் நடைபெற்ற ஒரு கண்காட்சிக்கு அண்மையில் மாணவர் சிலரை அழைத்துச் சென்றிருந்தேன். பாபிலோனியர் முதல் பௌத்தர் வரை பல மக்களும் உலகம் உண்டான விதத்தை எவ்வாறு கூறினர் என்று மும்மொழியிலும் விளக்கிய பலகை ஒன்றின் தமிழ்த் தலைப்பு 'படைப்புக் கட்டுக்கதைகள்' என்றிருந்தது. அதன் மூன்றாம் பத்தியில் சிவபெருமானின் ஐந்தொழிலும் இடம்பெற்றிருந்தது. பத்தாந்தரத்தில் படிக்கும் மாணவி ஒருத்தி அதை இருமுறை வாசித்துவிட்டு, "சேர், அப்ப சைவநெறிப் புத்தகத்தில நாங்கள் படிக்கிறது கட்டுக்கதையோ?" என்று கேட்டாள். தொலைக்காட்சி விவரணங்களிலும் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும் இத்தொடரைப் பல ஆண்டுகளாகக் கண்டு மனம் புழுங்கியவன் நான். அவள் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் இதற்குரிய துறைச்சொல் கொஸ்மோகனி. கிரேக்கத்தில் 'கொஸ்மொஸ்' என்பது ஒழுங்கு, அணி என்று பொருள்பட்டுப் பின்னர் ஒழுங்கமைந்த உலகைக் குறித்தது. சொல்லின் பிற்பாதி பிறப்பைக் குறிக்கும். ஆகவே உலகப் பிறப்பு என்பதே நேர்ப்பொருள்; படைத்தவன் ஒருவன் அச்சொல்லில் இல்லை. 'கட்டுக்கதை' என்று பெயர்க்கப்படும் ஆங்கிலச் சொல்லான 'மித்' என்பதன் மூலமான 'மூதொஸ்' முதலில் பேச்சு, உரை என்றும், பின்னர் கதை என்றும் பொருள்பட்டது. பொய் என்னும் பொருள் பிற்காலத்தில் ஏறியது.

அந்தப் பிற்காலப் பொருளைத்தான் நம் மொழிபெயர்ப்பாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். டெங்கு பற்றிய துண்டுப்பிரசுரத்தில் 'கட்டுக்கதைகளும் உண்மைகளும்' என்று எழுதுவது சரி. அங்கே பேசப்படுவது மக்களிடையே பரவிய தவறான எண்ணம். ஆனால் சமய ஆய்வில் அதே ஆங்கிலச் சொல், ஒரு சமூகம் தன் தொடக்கத்தைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் புனித வரலாற்றைக் குறிக்கிறது. அது உண்மையா பொய்யா என்ற தீர்ப்பை அச்சொல் வழங்குவதில்லை. தமிழில் 'கட்டு' என்ற முன்னொட்டு வந்தவுடன் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. இல்லாததைக் கட்டிச் சொல்பவன் ஒருவன் இருக்கிறான் என்று அது குற்றஞ்சாட்டுகிறது. அரசியல்வாதி தன்மீது சுமத்தப்பட்ட ஊழலை மறுக்கும்போது சொல்லும் சொல்லை, கோயிலில் புராண படனம் கேட்டு வளர்ந்த ஒருவரின் நம்பிக்கைக்கு எப்படிச் சூட்டுவது?

'படைப்புப் புராணம்' என்று திருத்துவோரும் உள்ளனர். மரியாதை கருதிச் செய்யும் இத்திருத்தமும் எனக்கு உடன்பாடன்று. புராணம் ஒரு நூல்வகையின் பெயர். அதற்கு வடமொழி மரபு வகுத்த ஐந்து இலக்கணங்களுள் 'சர்க்கம்', அதாவது உலகத் தோற்றம், ஒன்றேயாகும். ஒரு பகுதியைக் குறிக்க முழுமையின் பெயரை எடுத்து, அதைப் பாபிலோனியர்மேல் ஏற்றுவது பொருந்தாது. 'ஐதீகம்' என்பதோ நம் வழக்கில் ஒரு தலத்தையோ ஒரு சடங்கையோ ஒட்டி வழங்குவது.

இனி, முற்பாதியாகிய 'படைப்பு' என்பதற்கு வருவோம். கட்டுக்கதை என்னும் சொல்லை எதிர்ப்பவர்கள்கூட இதைக் கேள்வியின்றி விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுவே பெரிய பிழையாகப்படுகிறது. ஆடி அமாவாசையன்று தலைவாழையிலை விரித்து, சோறும் கறிகளும் காத்தோட்டிக்காய்ப் பொரியலும் வைப்பதைப் படைத்தல் என்கிறோம். சமைத்து முடித்த ஒன்றை ஒருவர் எடுத்து வைக்கிறார். அவரின்றிப் படையல் இல்லை. உலகைப் பற்றிப் பேசும்போதும் படைப்பு என்றால் படைத்தவன் ஒருவன் வந்தே தீருவான்.

அவன் இருக்கும் மரபுகளில் இச்சொல் மிகப் பொருத்தமானது. விவிலியத்தின் முதல் வசனத்தைப் பழைய புரட்டஸ்தாந்து மொழிபெயர்ப்பு 'சிருஷ்டித்தார்' என்றும் 1995இன் பொது மொழிபெயர்ப்பு 'படைத்த' என்றும் தருகின்றன. மூலத்து எபிரேய வினைக்கு அங்கே எழுவாயாக வருபவர் கடவுள். ஆனால் வடமொழியில் 'சிருஷ்டி' என்பதன் வேர், விடுதல், வெளிவிடுதல் என்று பொருள்படுவது. சிலந்தி தன்னிலிருந்து நூலை வெளிவிட்டு மீண்டும் உள்வாங்குவதை முண்டக உபநிடதம் உவமையாகக் கூறும்போது அந்த வினையையே ஆள்கிறது. 'சிருஷ்டி', 'படைப்பு' இரண்டையும் ஒன்றென்று கொள்வோர் அந்தச் சிலந்தியை மறந்துவிடுகிறார்கள்.

சைவ சித்தாந்தம் படைத்தலை ஐந்தொழிலில் முதலாவதாக வைக்கிறதே என்று கேட்கலாம். வைக்கிறது, ஆனால் எதிலிருந்து என்பதையும் சொல்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அவ்வாறே உலகுக்கு மாயை, சத்தி, இறைவன். மாயை அநாதியானது, இல்லாமையிலிருந்து எதுவும் வருவதில்லை. மேலும், மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்தில் உலகைப் பற்றிப் பேசும்போது 'தோற்றிய திதியே ஒடுங்கி' என்றுதான் சொல்கிறார். தோற்றமும் ஒடுக்கமும்: இதைவிடத் தெளிவான சோடிச் சொற்கள் நமக்கு வேண்டுமா? பரிபாடலின் இரண்டாம் பாடலும் விசும்பு, வளி, தீ, நீர், நிலம் என ஊழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைச் சொல்கையில் 'கரு வளர் வானத்து இசையில் தோன்றி' என்று அதே வினையையே கையாள்கிறது. கம்பர் 'உளவாக்கல்' என்றார். உள்ளதாகச் செய்தல் என்னும் அச்சொல்லின் நுட்பம் என்னை எப்போதும் வியக்கவைப்பது. ஆயினும் அதற்கும் செய்பவன் ஒருவன் வேண்டும் என்பதால் பொதுச்சொல்லாக அதை முன்மொழியத் துணியவில்லை.

கொழும்பில் வாழும் நாம் இந்த வேறுபாட்டை மறக்கவே கூடாது. அந்தப் பலகையில், புத்தரின் உரைகளுள் ஒன்றான அக்கஞ்ஞ சுத்தமும் 'பௌத்தப் படைப்புக் கட்டுக்கதை' என்று இருந்தது. பாளித் திரிபிடகத்தின் ஒரு தொகுதியான தீக நிகாயத்தின் 27ஆம் சுத்தமான அதில் உலகம் சுருங்குகிறது, மீண்டும் விரிகிறது. எங்கும் நீரும் இருளும். காய்ச்சிய பால் ஆறும்போது ஆடை படிவதுபோல நீரின்மேல் சுவைமிக்க மண் படிகிறது. உயிர் ஒன்று விரலால் தொட்டு நக்கிப் பார்க்கிறது. படைப்பவர் எவரும் இல்லை. அதுமட்டுமன்று, அதே நிகாயத்தின் முதற் சுத்தம், பிரம்ம விமானம் என்னும் தேவ மாளிகையில் முதலில் தோன்றிய ஒருவர், பின்னால் வந்தவர்களைத் தாமே படைத்ததாகத் தவறாக எண்ணிக்கொண்டார் என்கிறது. படைப்பென்னும் எண்ணத்தையே மறுக்கும் ஒரு மரபை, பத்தில் ஏழு பங்கினர் பின்பற்றும் நாட்டில், படைப்பு என்ற தலைப்பின்கீழ் அடைப்பது வெறும் சொற்பிழையன்று, பொருட்பிழை.

இப்பிழை எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததே. பாளியிலும் சிங்களத்திலும் உள்ளதைக்கூட ஆங்கிலத்தின் வழியாகவே நம்மவர் தமிழாக்குகின்றனர். சிங்களத்தில் 'உற்பத்தி' இன்றும் பிறப்பு, தோற்றம் என்ற பொருளில் வழங்குகிறது. தமிழிலும் அப்படி வழங்கியது; இன்று அச்சொல்லைக் கேட்டால் ஆடைத்தொழிற்சாலைதான் நினைவுக்கு வருகிறது. பக்கத்து மேசையில் சிங்கள மொழிபெயர்ப்பாளர் இருக்கும்போது எழுந்து சென்று ஒரு வார்த்தை கேட்பதற்கு என்ன தடை?

என் பரிந்துரை 'தோற்றத் தொன்மம்'. விரித்து எழுதினால் 'உலகத் தோற்றத் தொன்மம்'. தொல்காப்பியம் 'உரையொடு புணர்ந்த' பழமையைத் தொன்மை என்கிறது. அந்த அடியில் பிறந்த 'தொன்மம்' பழமையைச் சொல்கிறதே தவிரப் பொய்யென்று பழிப்பதில்லை. யாருக்கு விளங்கும் என்று கேட்போருக்கு நான் சொல்வது, அந்தப் பத்தாந்தர மாணவிக்குப் பலகையின் முன்னாலேயே இரண்டு நிமிடத்தில் விளங்கியது என்பதே. 'தோற்றம்' வெளித்தோற்றத்தையும் குறிக்கும் என்பது உண்மைதான். 'உலக' என்று முன்னே சேர்த்தால் அந்த மயக்கம் பெரும்பாலும் நீங்கும். 'அண்டவியல்' இதற்கு ஈடாகாது; அது அண்டத்தின் அமைப்பை ஆராயும் துறை.

படைப்பு என்ற சொல்லை ஒதுக்கச் சொல்லவில்லை. விவிலியத்துக்கும் குர்ஆனுக்கும் 'படைப்பு வரலாறு' என்றே எழுதலாம். பாபிலோனியத் தொன்மத்தில் இரண்டுமே உண்டு. முதலில் அப்சுவின் நன்னீரும் தியாமத்தின் உப்புநீரும் கலக்க, தேவர்கள் தோன்றுகிறார்கள், அது தோற்றம். பிறகு மர்துக் என்னும் தேவன் தியாமத்தைக் கொன்று, கருவாட்டுக்கு மீனைப் பிளப்பதுபோல் உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக வைக்கிறான், அது படைப்பு.