ரிசர்வாயர்: ஏரியா, தொட்டியா?

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தில் பல ஆண்டுகள் ஒரு சர்ச்சை ஓடியது. அதைத் தமிழில் சொல்லத் தொடங்கினால் முதல் வரியிலேயே கால் இடறும். ‘திறந்தவெளி நீர்த்தேக்கங்களை மூட வேண்டுமா, கூடாதா?’ என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் கண்முன் மேட்டூரும் பூண்டியும்தான் வந்து நிற்கும். மேட்டூர் அணைக்கு மூடி போடுவதா என்று சிரிப்பார். சிரிப்புக்குக் காரணம் போர்ட்லாந்துக்காரர்கள் இல்லை, ‘ரிசர்வாயர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘நீர்த்தேக்கம்’ என்று நாம் போட்ட சொல்தான்.

ரிசர்வாயர் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் வேர் ‘ரெசர்வாரே’ என்ற லத்தீன் வினை. ஒன்றைச் செலவழிக்காமல் பின்னால் உதவும் என்று காத்து வைப்பது அதன் பொருள். ரயிலில் போடும் ரிசர்வேஷனும் ரிசர்வ் வங்கியும் அதே வேரில் கிளைத்தவை. சொல்லுக்குள் இருப்பது ‘ஒதுக்கி வைத்த இடம்’ என்பது மட்டும்தான். எவ்வளவு பெரியது, மண்ணா சிமெண்டா, மேலே கூரை உண்டா என்பது எதுவும் அதில் இல்லை. அதனால்தான் அணைக்குப் பின்னால் நிற்கும் ஏரியும், பேனாவுக்குள் இருக்கும் மைக்கூடும், நிபா வைரஸைச் சுமக்கும் பழந்தின்னி வௌவாலும் ஆங்கிலத்தில் ரிசர்வாயர்தான்.

நம் ‘தேக்கம்’ அப்படிப் பொதுவான சொல் அல்ல. தேங்கு தன்வினை, தேக்கு பிறவினை. மழை விட்ட பிறகு தெருவில் தண்ணீர் தேங்கும். ஆற்றை மறித்துத் தேக்குவோம். இரண்டிலும் ஓட்டம் நின்றுபோவது உள்ளே இருக்கிறது. வேலை தேங்கிக் கிடக்கிறது, பொருளாதாரத் தேக்கம் என்கிறோமே, அதுவும் இந்தப் பொருளில்தான். ஆற்றை மறித்த அணைக்கு இது கச்சிதமான சொல். குழாய் வழியே வந்து குழாய் வழியே போகும் நீருக்குப் பொருந்தாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்து ஆவணங்களில் செம்பரம்பாக்கம் ஏரி ‘டேங்க்’. நாம் ஏரி என்பதை ஆங்கிலம் டேங்க் என்று எழுதியது; அவர்கள் ரிசர்வாயர் என்பதில் ஒரு வகையை நாம் டேங்க் என்கிறோம். இரண்டு பெயர்ப்பலகைகள் இடம் மாறிக் கிடக்கின்றன.

போர்ட்லாந்தில் இருந்தது நாம் டேங்க் என்னும் அந்த வகை. நகருக்குக் கிழக்கே காட்டுக்குள் இருக்கும் புல் ரன் நீர்ப்பிடிப்பிலிருந்து தண்ணீர் சரிவிலேயே இறங்கி வரும். வடிகட்டுவதில்லை, கிருமிநீக்கம் மட்டும். அது வந்து நின்ற இடங்களில் முக்கியமானது மவுண்ட் டேபர் குன்று. அங்கே 1894இலும் 1911இலும் கட்டிய கான்கிரீட் தொட்டிகள், சுற்றிலும் இரும்புவேலி, வேலியை ஒட்டி நடைபாதை. பெரியது ஆறாம் எண் தொட்டி, 7.5 கோடி அமெரிக்க கேலன், அதாவது சுமார் 28 கோடி லிட்டர். அந்நாளில் காலையில் ஓட வருபவர் வேலிக்கு இந்தப்புறம் ஓடுவார். அந்தப்புறம் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் நீர் அன்றோ மறுநாளோ அவர் வீட்டுக் குழாயில் வரும்.

திறந்த தொட்டிகளைப் பற்றிய அரசு விதியின் முழு எடையும் இந்த இடத்தில்தான் விழுந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2006இல் கொண்டுவந்த விதியின் இந்தப் பகுதி, அணைகளைத் தொடவில்லை. இனிமேல் குளோரின் இருப்பைத் தக்கவைப்பது தவிர வேறு கிருமிநீக்கம் எதுவும் நடக்காத நீரை, காற்றுக்குத் திறந்து வைத்திருக்கும் இடத்தை மட்டுமே அது பிடித்தது. அணையில் காக்கை எச்சமிட்டால் பின்னால் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. டேபரில் எச்சமிட்டால் பின்னால் இருந்தது சமையலறைக் குழாய்.

ஆகவே தமிழில் தேவைப்படுவது இந்த இடத்தைச் சுட்டும் சொல். அது புதிதாக ஆக்க வேண்டியதும் இல்லை. ஊராட்சிப் பலகைகளில் ‘மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி’, ‘தரைமட்ட நீர்த்தேக்கத் தொட்டி’ என்று கொள்ளளவோடு எழுதியிருப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். இலங்கைத் தமிழில் ‘நீர்த்தாங்கி’ என்பார்கள். குளம் என்றால் இரணைமடு போன்ற பெரிய ஏரி, தாங்கி என்றால் கட்டடம், குழப்பமே இல்லை. போர்ட்லாந்து சர்ச்சைக்கு ‘திறந்தவெளிக் குடிநீர்த் தொட்டி’ என்பதே சரி. ‘சுத்திகரித்த நீர்த் தொட்டி’ என்று சிலர் எழுதக்கூடும். வடிகட்டாத புல் ரன் நீருக்கு அது கொஞ்சம் மிகை. ‘குடிநீர்’ என்றாலே போதும்.

அடுத்த சொல் ‘மூடுதல்’. விதி இரண்டு வழி கொடுத்தது: தொட்டியை மூடு, அல்லது வெளியேறும் நீரை மறுபடி கிருமிநீக்கம் செய். இரண்டாவதற்கு அளவு உண்டு. வைரஸ் 4 லாக், குடல் ஒட்டுண்ணிகளான ஜியார்டியா 3 லாக், கிரிப்டோஸ்போரிடியம் 2 லாக் குறைய வேண்டும். லாக் என்பது பத்தின் அடுக்கு. 2 லாக் என்றால் நூறில் ஒன்றுதான் மிஞ்சும், 4 லாக் என்றால் பத்தாயிரத்தில் ஒன்று. கிரிப்டோஸ்போரிடியத்தின் முட்டையுறைக்கு வழக்கமான குளோரின் அளவு உறைக்காது. 1993இல் மில்வாக்கியில் சுமார் 4 லட்சம் பேரை வயிற்றுப்போக்கில் தள்ளியது அதுதான். புற ஊதா விளக்குக்கு அது அடங்கும். அதனால்தான் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரம் தன் தொட்டிகளைத் திறந்தே வைத்து, வெளிவழியில் புற ஊதா அமைப்பைத் தேர்ந்தது.

லாஸ் ஏஞ்சலிஸ் 2015இல் தன் பெரிய தேக்கத்தில் கொட்டிய 9.6 கோடி கறுப்புப் பந்துகளைப் பலர் ‘மூடி’ என்று எழுதினார்கள். தவறு. புரோமைடும் குளோரினும் உள்ள நீரில் வெயில் பட்டால் புரோமேட் என்ற கேடான சேர்மம் உண்டாகும். பந்துகள் வெயிலை மறைத்து அதைத் தடுக்கும், பாசியையும் குறைக்கும். பந்துக்கும் பந்துக்கும் இடையே காற்று புகும், பறவை எச்சமும் புகும். அங்கேயும் புற ஊதா நிலையம் கட்ட வேண்டியே வந்தது. தமிழில் அவை ‘நிழற்பந்து’.

உண்மையான மூடியிலும் வகை உண்டு. மிதக்கும் விரிப்பு மலிவு. ஆனால் அதன் மேல் மழைநீர் கட்டும், அதைப் பம்பு வைத்து இறைக்காவிட்டால் பாரத்தில் கிழிந்து அழுக்கு உள்ளே இறங்கும். கான்கிரீட் கூரை நீடிக்கும். அதன் பலவீனம் ஓட்டைகளில். காற்றுப்போக்கிக்கு அங்குலத்துக்கு 24 கண் உள்ள துருப்பிடிக்காத வலை வேண்டும். ஆள் இறங்கும் வாய், மண் மூடிய கூரைக்கு மேல் 2 அடி உயர்ந்து, அதன் மூடி விளிம்பைத் தாண்டி 2 அங்குலம் கீழே மடிந்திருக்க வேண்டும். இதில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மிசௌரியின் கிடியன் ஊர் இருக்கிறது. 1993இல் அங்கே மூடிய தொட்டிக்குள்தான் புறாக்கள் புகுந்தன. சால்மோனெல்லாவால் 7 பேர் இறந்தார்கள். 2008இல் கொலராடோவின் அலமோசாவிலும் வெடிப்பு விட்ட மூடிய தொட்டிதான் காரணம். ‘மூடிய’ என்பதும் ‘பாதுகாப்பான’ என்பதும் ஒரே சொல் அல்ல. திறந்த தொட்டிகளுக்காகப் போராடியவர்கள் வலுவாகச் சொன்னது இதைத்தான். நூறு ஆண்டுகளாக டேபர் நீரைக் குடித்து யாருக்கும் நோய் வந்ததில்லை, கோடிக்கணக்கில் எதற்குச் செலவு என்றும் கேட்டார்கள்.

அவர்களுக்குக் காலம் ஒத்துழைக்கவில்லை. 2014 ஏப்ரலில் ஓர் இளைஞர் வேலி வழியாகச் சிறுநீர் கழித்தது கேமராவில் பதிவாக, 3.8 கோடி கேலன் நீரை வெளியேற்றப் போவதாக நகரம் அறிவித்தது. உடல்நலக் கேடு அற்பம் என்பதை அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள். அடுத்த மாதம் வந்ததுதான் நிஜமான அடி: டேபர் தொட்டி நீரில் மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா தென்பட, நகரம் முழுக்கக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்கள்.

கடைசிச் சொல் ‘மாற்று’. டேபர் தொட்டிகளுக்கு அந்த இடத்திலேயே மூடி போடவில்லை. பவல் பட் குன்றில் 5 கோடி கேலன், கெல்லி பட் குன்றில் 2.5 கோடி கேலன் என்று புதைதொட்டிகள் கட்டி, 2015 முடிவில் டேபரின் குடிநீர் இணைப்பைத் துண்டித்தார்கள். ஆகவே ‘மூடினார்கள்’ என்று எழுதுவதும் பிழை. ‘இணைப்பு நீக்கினார்கள்’ என்பதே நடந்தது. பழைய தொட்டிகள் தேசிய வரலாற்றுச் சின்னப் பதிவேட்டில் இருப்பதால் இடிக்கவும் இல்லை. அழகுக்காகத் தண்ணீர் நிரப்பி வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அவை இன்றும் ரிசர்வாயர். ஆனால் அந்த நீரை எதற்காகவும் ஒதுக்கி வைக்கவில்லை, யாரும் குடிப்பதும் இல்லை. தமிழில் இனி அவற்றைத் தடாகம் என்று சொல்லலாம்.