கதையைக் கேட்பதற்கு முன் பொருளைத் திருப்பிப் பாருங்கள்

போன சீசனில் திருப்பூரிலிருந்து ஒரு தம்பதி குன்னூரில் இருக்கும் என் கடைக்கு வந்தார்கள். கல்யாணமாகி 25 வருஷம். கணவர் பையிலிருந்து ஒரு டீ பாட்டை எடுத்து மேஜையில் வைத்தார். வரும் வழியில் ஒரு கடையில், "துரை பங்களாவில் இருந்தது, சுத்த வெள்ளி" என்று சொல்லிக் கொடுத்தார்களாம். வெள்ளி விழாவுக்கு வெள்ளிச் சாமான். அதற்கு ஜோடியாக ஒரு சர்க்கரைக் கிண்ணம் கிடைக்குமா என்று கேட்டார்.

நான் அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் குட்டிக் கட்டங்களுக்குள் நாலு ஆங்கில எழுத்து: ஈ, பி, என், எஸ். நிக்கல் சில்வர் மேல் மின்சாரத்தில் வெள்ளி முலாம் பூசியது என்று அர்த்தம். நிக்கல் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த கலவை. பெயரில் மட்டும்தான் சில்வர். மூக்கின் விளிம்பில் முலாம் தேய்ந்து மங்கிய மஞ்சள் தெரிந்தது.

"அப்ப இது டூப்ளிகேட்டாண்ணே?" என்றார் அந்த அம்மா.

இல்லை. அது உண்மையிலேயே பழைய, நல்ல டீ பாட். செய்தவர் ஒளிக்காமல் முத்திரை குத்தித்தான் அனுப்பியிருக்கிறார். விற்றவர் வாயிலிருந்து வந்த சொல்தான் பொய், அந்தச் சொல்லுக்குத்தான் இவர்கள் கூடுதல் பணம் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் செய்த 92.5 சதவீத வெள்ளியில் நடக்கும் சிங்கம் குத்தியிருக்கும். கூடவே ஊர் முத்திரை: பர்மிங்காமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை. எந்த வருஷம் என்பதற்கு ஓர் எழுத்து. சின்ன லென்ஸ் ஒன்று போதும்.

அன்புக்குரியவருக்குப் பழம்பொருள் கொடுக்க நினைப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். மனசு இளகியிருக்கும் நேரத்தில் கதை சட்டென்று உள்ளே போய்விடும். முதலில் அடியைப் பாருங்கள், கதை பிறகு.

எச்.எம்.டி. கைக்கடிகாரத்தில் இது அதிகம் நடக்கிறது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கடிகார நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை, 2016-ல் மூட முடிவானது. அப்பா கட்டியிருந்த ஜனதா மாடலைத் தேடி வருபவர்கள் இன்றைக்கும் உண்டு. ஆனால் சந்தையில் டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, ஆரஞ்சிலும் பச்சையிலும் பளபளவென்று வருபவை ஏராளம். எழுத்துகள் தடித்தோ கோணலாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள். மங்கிய டயலோடு சாவி கொடுத்து ஓடுவதே நல்ல பரிசு என்பேன்.

பெரிய பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன்களில் பெரும்பாலானவை அலங்காரத்துக்காகப் புதிதாகச் செய்தவை. அசல் வேண்டுமென்றால் சூட்கேஸ் மாதிரி மூடும் எச்.எம்.வி. பெட்டி வகையைத் தேடலாம். அதில் போடும், நிமிஷத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்கு ரெக்கார்டுகளைத் துணிகளுக்கு நடுவில் நெட்டுக்குத்தலாக வையுங்கள். மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் எத்தனையோ உடைந்திருக்கின்றன.

இனி, சட்டம். 100 வருஷம் கடந்த கலைப்பொருள்கள் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பரிசாக எடுத்துப் போகவே முடியாது. சாமி சிலை என்று யாராவது காதோரம் சொன்னால் உடனே வெளியே வந்துவிடுங்கள். எஸ்டேட் பங்களா சாமான்களில் தந்தக் கைப்பிடி போட்ட கத்தி, புலித்தோல் எல்லாம் இன்னும் தலைகாட்டுகின்றன. எவ்வளவு பழசானாலும் அவற்றை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஒரு யானையின் உயிர் போனதைக் கல்யாண நாளுக்குக் கொடுக்க எனக்கு மனசும் வரவில்லை.

பழசுதான் வேண்டுமென்று கட்டாயம் இல்லாதவர்களுக்கு நான் எங்கள் நீலகிரியின் தோடர் பழங்குடியினர் செய்யும் பூத்தையல் சால்வையைச் சொல்வேன். கெட்டியான வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாக, படம் வரையாமல், இழையை எண்ணி எண்ணித் தைக்கிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சடித்த துணியை அதே பெயரில் விற்கிறார்கள், தடவிப் பாருங்கள். தையல் விரலில் தட்டுப்படும்.

எங்கள் மலைப் பனியின் ஈரம் பழம்பொருளுக்கு எதிரி. பழைய கேமரா வாங்கினால் லென்ஸுக்குள் டார்ச் அடித்துச் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தத் தம்பதிக்கு நான் கிண்ணம் விற்கவில்லை. தேனிலவுக்கு மலை ரயிலில் வந்ததைப் பேச்சுவாக்கில் சொன்னார்கள். என்னிடம் அந்த ரயிலின் பழைய கெட்டி அட்டை டிக்கெட்டுகள் கொஞ்சம் இருந்தன. ஓரத்தில் தேதி மையில்லாமல் அழுத்தியிருக்கும், வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரியும். அந்த அம்மா ஜன்னலோரம் போய்ச் சாய்த்துச் சாய்த்துப் படித்தார். "அடுத்த வருஷந்தாண்ணே நாங்க வந்தோம்." பரவாயில்லை, இதையே கொடுங்கள் என்றார். பில்லில் டிக்கெட்டின் வருஷத்தை எழுதி, 'முனை ஒன்று மடங்கியது' என்றும் எழுதிக் கொடுத்தேன்.