இங்கிலாந்தில் வீட்டு டெபாசிட்: ஓனர் இழுத்தடித்தால்

படிப்பு முடிந்து ஊருக்கு டிக்கெட் போட்ட மாணவர்களிடம்தான் டெபாசிட்டைத் திருப்பித் தராமல் இழுத்தடிக்கும் இந்த ஆட்டம் அதிகம். திரும்பி வந்தா கேட்கப்போகிறான் என்ற தைரியம்.

விதி இதுதான். டெபாசிட் வாங்கிய 30 நாளுக்குள் ஓனர் அதை டிபிஎஸ், டிடிஎஸ், மைடெபாசிட்ஸ் என்று அரசு அங்கீகரித்த மூன்று டெபாசிட் பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் பதிந்து, விவரத்தை எழுத்தில் உங்களுக்குத் தர வேண்டும். ‘போட்டாச்சு தம்பி’ என்பதை நம்பாமல் மூன்றின் இணையதளத்திலும் நீங்களே தேடிப் பாருங்கள்.

பதியவே இல்லையா? அப்படியானால் பிடி உங்கள் கையில். டெபாசிட்டோடு, அதைப்போல் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை அபராதமாக உங்களுக்குத் தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். தாமதமாகப் பதிந்திருந்தாலும் வழக்குப் போடலாம். முதலில் இதைச் சொல்லி ஒரு கடிதம் அனுப்புங்கள். அதுவரை போனை எடுக்காத ஓனருக்குத் திடீரென்று நேரம் கிடைக்கும்.

ஒரு பெரிய பொறி: ஓனரும் அதே வீட்டில் குடியிருந்தால் நீங்கள் லாட்ஜர். இந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. நம்மவர் வீடுதானே என்று மாடி அறையை எடுத்து, டெபாசிட்டை ரசீதில்லாமல் ரொக்கமாகக் கொடுத்தவர்கள் மாட்டுவது இங்கேதான். வங்கி வழியாகவே கொடுங்கள்.

பதிந்திருந்தால், அந்தத் திட்டத்திலேயே இலவசத் தகராறு தீர்வு உண்டு. ஆனால் ஓனரும் சம்மதிக்க வேண்டும். பெரும்பாலும் குடியிருப்பு முடிந்து மூன்று மாதத்துக்குள் கேட்கவும் வேண்டும். ‘ஓனர் லீவில் இருக்கிறார்’, ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று ஏஜென்ட் சொல்லச் சொல்ல அந்த மூன்று மாதம்தான் கரைகிறது. போனில் பேசியது எதையும் மின்னஞ்சலில் திரும்ப எழுதிப் போடுங்கள்.

அங்கே நிரூபிக்க வேண்டியவர் ஓனர்தான். குடிவந்தபோது எழுதிய இன்வென்டரியோ (வீட்டுப் பொருட்களும் அவற்றின் நிலையும் உள்ள பட்டியல்) படமோ இல்லாமல் கார்ப்பெட் கறைக்குப் பணம் பிடிப்பது கடினம். புழங்கித் தேய்ந்ததற்கும் பிடிக்க முடியாது. பழைய கார்ப்பெட்டுக்குப் புதியதன் விலையும் கேட்க முடியாது. நம் பக்கம் தோற்பது பெரும்பாலும் சமையலறையில். அடுப்புக்கு மேலுள்ள எக்ஸாஸ்ட் வடிகட்டியில் தாளிப்பு எண்ணெய் பிசுபிசுவென்று நிற்கும். கழற்றிக் கழுவி, தேதியோடு படம் எடுத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

பாதிப் பணம் தருகிறேன் என்றால் வாங்கலாம். ‘முழுத் தீர்வாக’ என்று எழுதியிருந்தால் மட்டும் ஓகே போடாதீர்கள்.

இன்னொன்று: பல்கலைக்கழக மின்னஞ்சலில் பதிந்திருந்தால் கிளம்புமுன் மாற்றிவிடுங்கள். படிப்பு முடிந்தபின் அது மூடப்பட்டால் திட்டத்தின் கணக்குக்குள் நுழைவதே தனிப் போராட்டம். பணம் வந்து சேரும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கையும் மூடாதீர்கள்.