பிரிஜ்ஜில் வைத்த மொட்டு ஏன் விரியவில்லை?

மட்டக்களப்பு மாவட்டத்து ஆரையம்பதி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். மகளின் கலியாணத்துக்கு நுவரெலியாவிலிருந்து றோசா மொட்டுகள் எடுப்பித்து, ஐந்து நாள் வீட்டுப் பிரிஜ்ஜில் வைத்திருந்தாராம். வெளியே எடுக்கும்போது மொட்டெல்லாம் அப்போதுதான் பறித்ததைப் போல இறுக்கமாக இருந்தன. மணவறையில் குத்திய பிறகு பாதிக்கு மேல் விரியவே இல்லை. சில, கழுத்து மடிந்து தொங்கிவிட்டன. “கண்ணூறு பட்டிட்டு எண்டு சொல்றாங்க, உண்மையில என்ன நடந்திருக்கும்?”

விடையில் ஒரு பங்கு அவர் கடிதத்தின் கடைசி வரியிலேயே இருக்கிறது. பூப்பெட்டிக்குக் கீழ்த்தட்டில் ஒரு பழுத்த பப்பாசியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தனவாம். அதற்குப் பிறகு வருவோம். பெரிய பங்கு மொட்டுக்குள்தான் இருக்கிறது.

நிறம் காட்டத் தொடங்கிய மொட்டில் இதழுக்கு வேண்டிய கலங்கள் ஏறக்குறைய எல்லாம் உண்டாகி முடிந்துவிட்டன. அதற்குப் பிறகு நடப்பது கலம் பிரிவதல்ல, கலம் பெரிதாவது. இதற்கான மூலதனத்தை மொட்டு முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கிறது. றோசா மொட்டின் இதழ்க் கலங்களுக்குள் மாப்பொருள் சிறுமணிகளாகக் கிடக்கும். மாப்பொருள் நீரில் கரையாது, ஆகவே அப்படியே கிடந்தால் தண்ணீரை இழுக்காது. விரியும் நேரம் வந்ததும் நொதியங்கள் அதை உடைத்துக் குளுக்கோசும் பிரற்றோசும் ஆக்குகின்றன. ஒரு மாப்பொருள் மூலக்கூறு ஆயிரக்கணக்கான வெல்ல மூலக்கூறுகளாகச் சிதறும்போது கலச்சாறு திடீரென்று செறிவடைகிறது. செறிவு கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் மென்சவ்வினூடாக இழுபடும் பிரசாரணத்தால் தண்ணீர் உள்ளே பாய்கிறது. கலத்தின் வீக்க அமுக்கம் பல வளிமண்டலங்கள் வரை ஏறும், கார் ரயருக்குள் இருக்கும் காற்றைவிட இறுக்கமாக.

அமுக்கம் மட்டும் போதாது, கலச்சுவரும் இடம் கொடுக்க வேண்டும். இதைச் செய்யும் புரதங்களுக்கு எக்ஸ்பான்சின் என்று பெயர். அமெரிக்காவில் டானியல் கொஸ்குரோவின் ஆய்வுகூடம் 1992 இல் வெள்ளரி நாற்றிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்தது. எக்ஸ்பான்சின் சுவரை வெட்டுவதில்லை, கரைப்பதுமில்லை. செலுலோசு இழைகளுக்கும் அவற்றைப் பற்றிக்கொண்டிருக்கும் மற்ற வெல்லச் சங்கிலிகளுக்கும் இடையிலுள்ள பிடியை மட்டும் தளர்த்துகிறது. அமுக்கம் தள்ள, இழைகள் வழுகிக்கொடுக்க, கலம் நீள்கிறது. இதில் அழகான பகுதி இனித்தான். இதழின் அடிப்பாகத்தில் உட்பக்கக் கலங்கள் வெளிப்பக்கக் கலங்களைவிட அதிகமாக நீள்கின்றன. உட்பக்கம் நீண்டால் இதழ் வெளிப்பக்கமாக வளைவதைத் தவிர வேறு வழியில்லை. தசை இல்லை, நரம்பு இல்லை, கீல் இல்லை. இரண்டு பக்க வளர்ச்சிக்கும் இடையிலுள்ள சிறு வித்தியாசம் ஒன்றே ஒரு பூவைத் திறந்துவிடுகிறது.

சிக்கல் என்னவென்றால், விரிவதற்குச் சேர்த்து வைத்த அதே மாப்பொருளைத்தான் வெட்டிய மொட்டு சுவாசிக்கவும் எரிக்கிறது. செடியிலிருந்து இனி வரவு இல்லை, செலவு மட்டும்தான். செலவின் வேகத்தை வெப்பநிலை தீர்மானிக்கிறது. 2 பாகை செல்சியசில் இருக்கும் பூவைவிட 30 பாகையில் இருக்கும் பூ 45 மடங்கு வரை வேகமாகச் சுவாசிக்கலாம். பதினைந்து பதினாறு பாகையில் பறித்த மொட்டு, பதுளை–செங்கலடி வீதியால் இறங்கி மட்டக்களப்பின் 33 பாகைக்குள் வந்து, மூடிய பெட்டியில் அரைநாள் கிடந்தால், அந்த அரைநாள் குளிரறையில் பல நாட்களுக்குச் சமம். சுவாசமே வெப்பத்தை உண்டாக்குவதால் பெட்டியின் நடுவில் உள்ள மொட்டுகள் வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்கும்.

அந்தச் சூட்டோடு ரெஜிபோம் (வெள்ளை நுரைப்பிளாஸ்டிக்) பெட்டியை மூடியபடியே பிரிஜ்ஜுக்குள் தள்ளுவது அடுத்த பிழை. ரெஜிபோம் குளிரை உள்ளே விடாது. தாள் சுற்றிய கட்டுகளாகப் பிரித்து, காற்றுப் போக இடைவெளி விட்டு முதலில் குளிரவிட வேண்டும். குளிர்ந்த பிறகுதான் பொலித்தீன் உறையால் மூடலாம். மூடாமலும் விடக்கூடாது, பிரிஜ் காற்று மிக உலர்ந்தது, இதழின் தண்ணீரை உறிஞ்சிவிடும். றோசாவுக்கு உகந்தது 0 முதல் 2 பாகை. வீட்டுப் பிரிஜ் பெரும்பாலும் 4, 5 பாகையில் ஓடும், அதுவும் நாளுக்கு இருபது தடவை திறக்கப்படும். ஒவ்வொரு தடவையும் ஈரக்காற்று உள்ளே போய் இதழில் பனிக்கிறது. அந்த நீர்த்துளி போதும், சாம்பல் பூஞ்சை முளைக்க. குளிரில்கூட அது வளரும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் வீட்டுப் பிரிஜ்ஜை நம்பவேண்டாம் என்பதே என் கருத்து.

இப்போது ஏமாற்றம் எங்கே என்று விளங்கும். குளிரில் மொட்டு விரியாது, ஆகவே வெளியே பார்க்க எந்த மாற்றமும் தெரியாது. உள்ளே கையிருப்பு தேய்ந்துகொண்டே போகும். வெளியே எடுத்து விரியச் சொல்லும் நாளில்தான் பெட்டகம் வெறுமை என்று தெரியவரும்.

இனிப் பப்பாசி. பழுக்கும் பழங்கள் எதிலீன் வாயுவை வெளிவிடும். 1901 இல் ரஷ்யாவில் நெல்யுபோவ் என்ற தாவரவியலாளர் பட்டாணி நாற்றுகள் ஆய்வுகூடத்தில் கோணலாக வளர்வதற்கு விளக்கு வாயுவிலிருந்த எதிலீனே காரணம் என்று காட்டினார். தாவரம் தானே அதை உண்டாக்குகிறது என்று 1934 இல் ரிச்சர்ட் கேன் நிறுவினார். காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், அதற்கும் குறைவானதே பூவைக் குழப்பும். றோசாவில் இது வகைக்கு வகை வேறுபடும், சில வகை அவசரமாக விரிந்து உதிரும், சில விரியாமலே நின்றுவிடும். கார்னேஷன் விரிந்த இதழையும் சுருட்டிக்கொள்ளும், ஓர்க்கிட் மொட்டு மஞ்சளாகி விழும். 2 பாகையில் பூவுக்கு எதிலீன் உணர்ச்சி மிகக் குறைவு. அடிக்கடி திறக்கும் பிரிஜ்ஜில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

எதிலீன் புகையிலும் இருக்கிறது. கலியாண வீட்டில் பூத்தட்டு எங்கே இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்: பழுத்த வாழைக்குலைக்குப் பக்கத்தில், சாம்பிராணித் தட்டுக்கு எதிரில், ஜெனரேட்டர் புகை வரும் யன்னலுக்குக் கீழே. பூ வாடினால் கண்ணூறு என்பார்கள், இல்லாவிட்டால் தீட்டு என்று சொல்லி அங்கே நின்ற ஒரு பெண்ணை அப்பால் போகச் சொல்வார்கள். குலை அங்கேயே தொங்கும். இந்த அநியாயத்தைச் சொல்லாமல் எதிலீனைப் பற்றி எழுதுவதில் பயனில்லை.

கழுத்து மடிந்தது தனிக் கதை. தண்டை வெட்டிய நொடியில், தண்ணீரை மேலே கொண்டுபோகும் காழ்க் குழாய்களுக்குள் காற்று ஏறுகிறது, பின்பு வாளித் தண்ணீரில் பற்றீரியா பெருகி வாயை அடைக்கிறது. தண்ணீர் மேலே ஏறாவிட்டால் முதலில் விழுவது பூவுக்குச் சற்றுக் கீழே உள்ள இளந்தண்டு. மிக இறுக்கமான மொட்டாகப் பறித்திருந்தால் அந்த இடம் இன்னும் முற்றியிருக்காது. வாங்கும்போது, மொட்டை வெளியே மூடியிருக்கும் பச்சைப் புல்லிகள் கீழ்நோக்கி மடங்கத் தொடங்கிய மொட்டாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

முகூர்த்தத்துக்கு ஒரு நாள் முன்பு வெளியே எடுங்கள். உறையை உடனே கழற்றாமல் நிழலில் அரை மணி நேரம் விட்டால் நீர் உறையின் மேல் பனிக்கும், இதழில் அல்ல. தண்டின் அடியில் 2, 3 சென்ரிமீற்றரைக் கூரிய கத்தியால் தண்ணீருக்குள் வைத்தே சரிவாக வெட்டுங்கள். கத்தரிக்கோல் குழாயை நசுக்கும். தண்ணீருக்குள் அமிழும் இலைகளை எடுத்துவிடுங்கள். ஒரு லீற்றர் நல்ல தண்ணீருக்கு 20 கிறாம் சீனி, 0.3 கிறாம் சித்திரிக்கமிலம் (கேக் சாமான் கடைகளில் கிடைப்பதுதான்), இரண்டும் கரைந்தபின் கடைசியாக 1 மில்லிலீற்றர் சலவை பிளீச். சீனி, எரிந்துபோன கையிருப்பை ஓரளவு ஈடுசெய்யும். அமிலம் தண்ணீர் ஏறுவதை இலகுவாக்கும். பிளீச் பற்றீரியாவைக் கொல்லும். பிளீச்சையும் அமிலத்தையும் தண்ணீர் சேர்க்காமல் நேரே கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். வெறும் சீனித் தண்ணீர் பற்றீரியாவுக்கு விருந்து, அதற்குப் பச்சைத் தண்ணீரே மேல். வாவியோரக் கிணற்றின் உவர்த் தண்ணீர் சரிவராது. செப்புக்காசு போடுவதால் ஒன்றும் ஆகாது. பூ குத்தும் பச்சைப் பஞ்சுக் கட்டியில் தண்டைச் செருகிவிட்டு மீண்டும் சற்று வெளியே இழுத்தால் அடியில் வெற்றிடம் விழும், தண்டு காற்றைத்தான் குடிக்கும்.

இவை குளிர்நாட்டுப் பூக்களுக்கான கணக்கு. அந்தூரியத்தை இதே பிரிஜ்ஜில் வைத்தால் குளிர் தாங்காமல் கறுத்துவிடும், 12 பாகைக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. தாமரை இன்னும் பிடிவாதக்காரன். எங்கள் பக்கக் குளங்களில் விடிய வெட்டும் மொட்டு, கோயிலிலோ தீகவாபி விகாரையிலோ வைத்தபின் தானாக முழுதாக விரிவது அபூர்வம், இதழ் ஓரம்தான் சீக்கிரம் கறுக்கும், எதிலீன் அதைத் துரிதப்படுத்தும். அதனால்தான் கையால் இதழ்களை ஒவ்வொன்றாக மடித்து விரிக்கிறார்கள், அது சரியான தீர்வுதான். செடியில் நிற்கும் தாமரையோ பூத்திருக்கும் நாட்களில் தன் வெப்பத்தைத் தானே 30 முதல் 36 பாகைக்குள் வைத்திருக்கும் அளவுக்கு உணவை எரிக்கும் பூ. வெட்டிய தாமரையைப் பற்றிய நல்ல ஆய்வுகள் தாய்லாந்திலிருந்து வருகின்றன. குளமும் கோயிலும் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடமும் உள்ள மாவட்டத்தில் இதற்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் என்ன? ஏற்றுமதியாகாத பூ என்பதால் பூ இல்லாமல் போய்விடுமா?

மல்லிகை மொட்டைத் தண்டில்லாமல் பறிக்கிறோம், பறித்தபின் அதற்குக் குடிக்க வழியில்லை. உள்ளே இருக்கும் தண்ணீரையும் வெல்லத்தையும் கொண்டுதான் அன்றிரவு விரிந்து மணக்க வேண்டும். நனைத்துப் பிழிந்த துணியில் தளர்வாகச் சுற்றிக் குளிரில் வைத்தால் விரிவதைத் தள்ளிப்போடலாம். தண்ணீர் சொட்டும் துணி வேண்டாம், மொட்டு பழுப்பாகும். பருத்து முழு வெள்ளையான மொட்டுத்தான் அன்றைக்கு விரியும். நுனியில் பச்சை ஓடிய சிறு மொட்டுகளைக் கலந்து விற்றால், அவை எந்தக் குளிரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் விரியப்போவதில்லை.