ஊருக்கொரு சட்டம்: வெளிநாடு செல்லும் நம்மவர்கள் மதுவையும் பொது ஒழுங்கையும் பற்றி அறிந்திருக்க வேண்டியவை

மது விற்பனைக்குத் தடையுள்ள பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று, கொழும்பு வெள்ளவத்தைக் கடைத்தெருவில் நடப்பவர்களுக்கு, வைன் ஸ்டோர்ஸின் இரும்புக் கதவு இழுத்துப் பூட்டப்பட்டிருப்பது கண்ணில் படுவதே இல்லை, அது நாட்காட்டியோடு வந்த பழக்கம். ஆனால் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் அன்றைக்குக் கடற்கரையோர ஹோட்டலொன்றில் அமர்ந்து பியர் கேட்டபோது, பரிமாறுபவர் முகம் மாறாமல் ஜிஞ்சர் பியர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அறைக்கு வாடகை கொடுத்த விருந்தினருக்குமா இந்தத் தடை என்று மைத்துனர் கேட்டார். ஆம், எல்லோருக்கும்தான். நம் நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது என்ற 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமும் அவ்வாறே கடவுச்சீட்டின் நிறம் பார்ப்பதில்லை.

நாம் வெளிநாடு போகும்போது அந்த மைத்துனரின் இடத்தில் நாம் இருக்கிறோம். கொழும்பிலிருந்து நம்மவர்கள் பலர் சென்றுவரும் இடங்களான மாலைதீவு, சிங்கப்பூர், டுபாய் ஆகியவற்றில் மது முற்றாகத் தடை என்றோ, முற்றாக அனுமதி என்றோ சொல்லிவிட முடியாது. ஒரே நாட்டுக்குள் ஒரு தீவில் சரியானது அடுத்த தீவில் குற்றமாகிறது, ஒரே தெருவில் வெள்ளிக்கிழமை மாலையில் குற்றமில்லாதது சனிக்கிழமை காலையில் குற்றமாகிறது. பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது தடையை மீறும் துணிச்சலால் அல்ல, கோடு எங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது என்பதை அறியாததாலேயே.

மாலைதீவை எடுத்துக்கொள்வோம். கட்டுநாயக்க விமான நிலையத்தின் தீர்வையற்ற கடையில் வாங்கிய சாராயப் போத்தலோடு ஏறினால், ஒன்றரை மணித்தியாலத்தில் மாலே விமான நிலையத்தின் ஊடுகதிர்ச் சோதனைப் பொறிக்கு முன்னால் நிற்க வேண்டியிருக்கும். சுற்றுலாப் பயணி மதுவைக் கொண்டுவருவதற்கு அங்கு அனுமதியில்லை. சுங்க அதிகாரிகள் போத்தலை எடுத்துவைத்துப் பற்றுச்சீட்டுத் தருவார்கள், திரும்பும் நாளில் அதைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம். அந்தத் துண்டுக் கடதாசியை விமானச் சீட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவது நல்லது. மது பரிமாறுவதற்கு உரிமம் பெற்றவை பெரும்பாலும் உல்லாச விடுதித் தீவுகளும், பயணிகள் தங்கும் சில படகுகளும்தான். மாபுஷி போன்ற மக்கள் வாழும் தீவுகளில் இப்போது குறைந்த வாடகைக்கு விருந்தினர் இல்லங்கள் கிடைக்கின்றன, நம்மவர்கள் பலர் அவற்றையே தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் அங்கே மதுவும் இல்லை, ஒதுக்கப்பட்ட கடற்கரைப் பகுதிக்கு வெளியே நீச்சலுடையும் இல்லை.

மதுவை விடவும் நம் வீடுகளுக்கு நெருக்கமான இன்னொரு விடயம் அதே சுங்கப் பட்டியலில் இருக்கிறது. வழிபாட்டுக்குரிய சிலைகளை மாலைதீவுக்குள் கொண்டுசெல்வது தடை செய்யப்பட்டுள்ளது. புறப்படும் பிள்ளையின் பெட்டியில், உடுப்புகளுக்கு நடுவே துவாயில் சுற்றி, விரலளவு பித்தளைப் பிள்ளையாரை அம்மா வைத்துவிடுவது நம் வீடுகளில் சொல்லாமலே நடக்கும் காரியம். அங்கு போகும் பெட்டியிலிருந்து மட்டும் அதை வெளியே எடுத்துவிட வேண்டும். பன்றி இறைச்சியில் செய்த உணவுக்கும் அங்கு தடை உண்டு. மின்சிகரெட்டை 2024 நவம்பர் நடுப்பகுதியிலிருந்து பயணிகளும் கொண்டுவர முடியாது. 2007 சனவரி 1 அல்லது அதன்பின் பிறந்தவர்கள் புகையிலையை வாங்குவதையும் பாவிப்பதையும் தடுக்கும் சட்டம் 2025 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, இது வெளிநாட்டவருக்கும் பொருந்தும்.

சிங்கப்பூரில் கோடு வேறுவிதமாக ஓடுகிறது. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, லிட்டில் இந்தியாவில் தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் சிக்கி உயிரிழந்ததையடுத்துக் கலவரம் மூண்டது. அதன்பின் வந்ததே 2015 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம். இதன்படி நாடு முழுவதும் இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்தக் கூடாது. பொது இடம் என்றால் தெருவும் பூங்காவும் மட்டுமல்ல, வீடமைப்புக் கட்டடங்களின் திறந்த கீழ்த்தளமும் அதில் அடங்கும். உறவினரின் அடுக்குமாடிக்குக் கீழே கல் மேசையில் அமர்ந்து நள்ளிரவு வரை கதைத்துக்கொண்டிருப்பதில் தவறில்லை, கையில் பியர் டின் இருந்தால்தான் தவறு. முதல் குற்றத்துக்கு 1,000 சிங்கப்பூர் டொலர் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 2,000 டொலர் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வலயங்கள். அங்கு சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை, அதாவது வார இறுதி முழுவதும், பொது இடத்தில் மது அருந்தத் தடை உண்டு. பொது விடுமுறைக்கு முந்திய மாலையில் தொடங்கி விடுமுறைக்கு மறுநாள் காலை வரையும் இதே தடைதான், தண்டனையும் ஒன்றரை மடங்கு வரை கூடலாம். தீபாவளி அங்கு பொது விடுமுறை. நம்மவர்கள் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் வீதியில் அறை எடுத்துத் தங்கி, விளக்கு அலங்காரம் பார்க்கப் போகும் அதே நாட்களில்தான் தடை மிக இறுக்கமாக இருக்கும் என்பதைப் பயண முகவர்கள் ஏனோ சொல்வதில்லை. உரிமம் பெற்ற உணவகத்துக்குள் அமர்ந்து அருந்துவது வேறு, அதற்கு இந்தத் தடை பொருந்தாது. ரயிலில் உண்பதற்கும் தண்ணீர் உட்பட எதையும் அருந்துவதற்கும் 500 டொலர் வரை தண்டம் உண்டு.

டுபாயில் 21 வயது நிரம்பியவர் உரிமம் பெற்ற ஹோட்டலிலும் உணவகத்திலும் அருந்தலாம், தெருவிலும் கடற்கரையிலும் அருந்தவோ, வெறியோடு நடமாடவோ கூடாது. வாகனம் ஓட்டுபவர் உடலில் மது சிறிதளவும் இருக்கக் கூடாது. நம் நாட்டில் இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் என்ற வரம்பு இருப்பதால், ‘ஒன்று போட்டால் பரவாயில்லை’ என்ற எண்ணத்தோடு போகிறவர்கள் அங்கே அகப்படுகிறார்கள். அடுத்து இருக்கும் சார்ஜாவில் மது முற்றாகத் தடை. டுபாயில் வேலை செய்து, வாடகை குறைவென்று சார்ஜாவில் தங்கும் உறவினர் வீட்டுக்குப் போத்தலோடு போகும் விருந்தாளி, வாடகைக் கார் எந்த இடத்தில் எல்லையைக் கடந்தது என்பதைக் கவனித்திருக்க மாட்டார். இவ்விரண்டும் அடங்கிய ஐக்கிய அரபு அமீரகத்தில் இழிவான சைகையும் ஏச்சும் வழக்காகலாம், வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஏச்சும் அப்படியே. விமானம் மாறுவதற்காகக் காத்திருக்கும் நேரமும் அந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டதே.

இனி உரிமை என்ற பகுதிக்கு வருவோம். வெளிநாட்டில் கைது செய்யப்பட்டவருக்கு, 1963ஆம் ஆண்டின் கொன்சியூலர் உறவுகள் பற்றிய வியன்னா சமவாயத்தின் 36ஆம் உறுப்புரை ஒரு பாதுகாப்பைத் தருகிறது. கைதானவர் கேட்டுக்கொண்டால், அந்நாட்டு அதிகாரிகள் தாமதமின்றி அவருடைய நாட்டுத் தூதரகத்துக்கு அறிவிக்க வேண்டும், இந்த உரிமை அவருக்கு இருக்கிறது என்பதையும் அவர்களே சொல்ல வேண்டும். தூதரக அலுவலர் அவரைச் சென்று பார்க்கலாம், பேசலாம், சட்டத்தரணியை ஏற்பாடு செய்ய உதவலாம். இதில் ‘கேட்டுக்கொண்டால்’ என்ற சொல்லே முக்கியமானது. வெட்கத்தால் வாய் திறக்காமல் இருப்பவருக்கு இந்த உறுப்புரை எதையும் செய்யாது. கேட்க வேண்டிய இடம் டுபாயில் இலங்கைத் துணைத் தூதரகம், சிங்கப்பூரிலும் மாலேயிலும் இலங்கை உயர்ஸ்தானிகராலயம்.

தூதரகம் செய்ய முடியாதவற்றையும் அறிந்திருப்பது அவசியம். அபராதத்தை அது கட்டாது, நீதிமன்றத்தில் தலையிடாது, உள்ளூர்க் கைதியை விட நல்ல அறையைப் பெற்றுத் தராது. ‘எங்கட எம்பசியில ஆளைத் தெரியும்’ என்று சொல்லிப் பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்பி, குடும்பங்கள் நகையை அடகு வைப்பது இந்த வேறுபாடு தெரியாததால்தான். அரபு மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிடச் சொன்னால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பதே நல்லது. வழக்கு முடியும்வரை கடவுச்சீட்டு பொலிஸாரிடம் இருக்கக்கூடும் என்பதால், திரும்பும் விமானச் சீட்டு வீணாகும் செலவையும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

கொழும்பில் இருக்கும் உறவினர்கள் பத்தரமுல்லை சுஹுருபாய கட்டடத்தில் உள்ள வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் அலுவல்கள் பிரிவை நாடலாம். வேலைக்காகப் பதிவு செய்து சென்றவரானால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கமும் இருக்கிறது. எங்கு போனாலும் முதலில் கேட்கப்படும் கேள்விகள் கடவுச்சீட்டு இலக்கம் என்ன, எந்தப் பொலிஸ் நிலையத்தில் இருக்கிறார், எந்தத் திகதியில் பிடித்தார்கள் என்பனவே. ஆகவே கடவுச்சீட்டின் படப் பக்கத்தையும் விசாவையும் பிரதியெடுத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டும். எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திருந்தால், ஆளோடு அதுவும் பொலிஸ் நிலையத்துக்குப் போய்விடும்.