"பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் பணம் போடவில்லை"

ஆளுக்கொரு மாநிலத்தில் பிரிந்து வாழும் பெற்றோரின் வழக்குகளில் இரண்டு வாக்கியங்கள் மாறி மாறி வந்துகொண்டே இருக்கின்றன. "குழந்தையைப் பார்க்க விடவில்லை, அதனால் மூணு மாசமா பணம் போடலை" என்பார் பெங்களூரு அப்பா. "பணம் வரலை, அதனால் லீவுக்கு அனுப்பலை" என்பார் மதுரை அம்மா. நியாயம் தன் பக்கம்தான் என்று இருவருமே முழுமையாக நம்புகிறார்கள். இந்த வாதம் நிற்காது என்று இருவரின் வக்கீலுக்கும் தெரியும். அதை முதல் நாளே கட்சிக்காரரிடம் சொல்லத்தான் பலருக்கு மனம் வருவதில்லை.

பராமரிப்புத் தொகை குழந்தைக்கு உரியது, சந்திப்பும் குழந்தைக்காகத்தான். ஒன்றை நிறுத்தி மற்றதை வசூலிக்க முடியாது. பார்க்க விடவில்லையா? உத்தரவு மீறப்பட்டது என்று அதே நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள், பணம் தேதி தவறாமல் போகட்டும். பணம் வரவில்லையா? நிலுவைக்கு மனுப் போடுங்கள், குழந்தையை அனுப்பி வையுங்கள். "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று அம்மா எழுதிக் கொடுத்துவிட்டாலும் குழந்தையின் உரிமை போய்விடாது. நீங்களாகப் பணத்தை நிறுத்தினால் நாளை நீதிபதி பார்க்கப் போவது உங்கள் கோபத்தை அல்ல, வங்கிக் கணக்கில் உள்ள இடைவெளியைத்தான்.

வழக்கு எங்கே போடுவது என்பதிலும் குழப்பம். குழந்தையின் பொறுப்பை (கஸ்டடி) கேட்கும் மனு, காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம் 1890, பிரிவு 9-இன்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரில்தான். போன வாரம் ரயிலேற்றிக் கூட்டிவந்து புதுப் பள்ளியில் சேர்த்துவிட்டால் அது 'வழக்கமான வசிப்பிடம்' ஆகிவிடாது. பள்ளிப் பதிவு, தடுப்பூசி அட்டை, வாடகை ஒப்பந்தம் எல்லாம் தோண்டப்படும். பணத்துக்கான மனுவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதுச் சட்டத்தின் பிரிவு 144-இன் கீழ், மனைவி தான் வசிக்கும் மாவட்டத்திலேயே கேட்கலாம். இரண்டு வழக்கும் இரண்டு ஊரில் நடப்பது சகஜம். மாநிலம் விட்டு மாநிலம் வழக்கை மாற்ற உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

போலீஸ் போய்க் குழந்தையைத் தூக்கி வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாத நிலையில் பெற்ற அப்பா கூட்டிப்போனதைக் கடத்தல் என்று பதிவு செய்வது பெரும்பாலும் நடக்காது.

உண்மையான சிக்கல் உத்தரவின் வாசகத்தில் இருக்கிறது. உள்ளூர் வழக்கின் வரைவை நகலெடுத்து, "மாதம் இரண்டு சனிக்கிழமை, நீதிமன்ற வளாகத்தில், 10 முதல் 12 வரை" என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள். 2 மணி நேரத்துக்காக ராத்திரி பஸ் ஏறி வெளியூர்ப் பெற்றோர் எத்தனை மாதம் வருவார்? ஊர் தூரமாக இருந்தால் வார இறுதிகளுக்குப் பதில் நீண்ட விடுமுறைகளில் சந்திப்பு வைக்கலாம் என்று யஷிதா சாஹு வழக்கில் (2020) உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பொறுப்பு கிடைக்காத பெற்றோர் தினமும் 5 முதல் 10 நிமிடம் குழந்தையோடு பேசலாம் என்றும் அதில் உண்டு. இதைக் கேட்டு வாங்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

கோடை விடுமுறையில் எத்தனை நாள், எந்தத் தேதி முதல்? யார் கூட்டிப்போவது, டிக்கெட் யார் செலவு? எந்த ஸ்டேஷனில், எத்தனை மணிக்குக் கையில் ஒப்படைப்பது? ரயில் தாமதமானால் யாருக்குத் தகவல்? வீடியோ அழைப்பு எத்தனை மணிக்கு, எந்த எண்ணில்? குழந்தையின் பாஸ்போர்ட் யாரிடம்? இவை எழுத்தில் இல்லாத உத்தரவு அடுத்த விடுமுறைக்கே சண்டையாகும். "பரஸ்பர ஒப்புதலின்படி" என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். பரஸ்பரம் ஒத்துப்போகிறவர்கள் நீதிமன்றத்துக்கு வருவதில்லை.

பணத்தை வங்கி வழியாக மட்டுமே அனுப்புங்கள், எந்த மாதத்துக்கு என்று குறிப்போடு. கையில் கொடுத்ததற்குச் சாட்சி கிடையாது. பொம்மையும் சைக்கிளும் மாதத் தொகையில் கழியாது. பள்ளிக் கட்டணத்தை நேரடியாகக் கட்டினாலும், உத்தரவு அனுமதித்தால்தான் கழிக்கலாம். உச்ச நீதிமன்றத்தின் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் (2020) பிறகு இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும், தொகையும் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்காகும். சம்பளத்தை மறைத்து இழுத்தடித்தால் நிலுவைதான் ஏறும்.

பணம் வாங்க வேண்டியவர்களுக்கு ஒன்று: நிலுவையை வசூலிக்கும் வாரண்டுக்கான மனுவை, தொகை தர வேண்டிய தேதியிலிருந்து 1 வருடத்துக்குள் போட்டுவிடுங்கள். "பார்த்துக்கலாம்" என்று 2 வருடம் இருந்துவிட்டு வந்தால் பழைய மாதங்களுக்கு வாரண்ட் கிடைக்காது. பணம் தர வேண்டியவர் வேறு மாநிலத்தில் இருப்பது தடையல்ல. அவர் இருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட்டே உத்தரவை நிறைவேற்றலாம், அதற்கு அதே சன்ஹிதாவில் பிரிவு 147 இருக்கிறது. சிறைக்குப் போய்வந்தால் கடன் தீர்ந்தது என்பதும் தவறு, தொகை அப்படியே நிற்கும்.

குழந்தையோடு வேறு மாநிலத்துக்கு மாறப் போகிறீர்களா? வேலை கிடைத்ததும், பள்ளியில் டிசி வாங்கும் முன்பே, புதுச் சந்திப்பு அட்டவணையோடு நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். போய்விட்டு அப்புறம் அனுமதி கேட்டால், மாறியதற்கு எவ்வளவு நல்ல காரணம் இருந்தாலும், முதல் கேள்வி "ஏன் சொல்லாமல் போனீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும்.